கல்குடாவிலிருந்து பாணமை வரை: வேனில் தங்கி, கரையில் நடக்க

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையை வேனிலேயே தங்கிப் பார்க்கத் திட்டம் போடுபவர்கள் முதலில் கேட்பது, கடலுக்கு எவ்வளவு கிட்ட வேனைக் கொண்டுபோகலாம் என்பதைத்தான். கொண்டுபோகவே வேண்டாம். இந்தக் கரை நெடுக A15, A4 வீதிகள் பெரும்பாலும் கடலுக்குக் கிட்டவே ஓடுகின்றன. பல இடங்களில் தார் வீதியில் வேனை விட்டுவிட்டு ஐந்து பத்து நிமிடம் நடந்தால் கடல் வந்துவிடும். வேன் கெட்டித் தரையில் நிற்கட்டும், மணலில் கால் நடக்கட்டும். பயணத்தில் வரும் பாதிச் சிக்கல் இதனாலேயே இல்லாமல் போகும்.

பாசிக்குடாவிலிருந்து மட்டக்களப்பு நகரம் சுமார் 35 கிலோமீற்றர். அங்கிருந்து கல்முனை 40, கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று 25, அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் 45 வரும். பொத்துவில் தாண்டி அறுகம்குடா 3, பாணமை இன்னும் 12. ஒரே நாளில் ஓடி முடிக்கக்கூடிய தூரம்தான். நடக்கவும் வேண்டுமென்றால் ஐந்து நாளாவது ஒதுக்குங்கள்.

எப்போது போவது

நவம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை. கடல் கொந்தளிக்கும், வாவி பெருகும், தாழ்ந்த ஒழுங்கைகளில் தண்ணீர் நிற்கும். அந்த மாதங்களை விட்டுவிடுங்கள். மார்ச் நடுவிலிருந்து மே வரை நடைக்கு மிக நல்ல காலம். கடல் தணிந்திருக்கும், கச்சான் காற்று இன்னும் முழு வேகம் எடுத்திருக்காது. ஜூன், ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் மேற்கிலிருந்து கச்சான் சூடாக வீசும். நண்பகலில் வேனுக்குள் இருக்க முடியாது. அறுகம்குடாவில் அலைச்சறுக்குக்காரர் கூட்டம் நிறைவதும் அப்போதுதான், வேன் விட இடம் கிடைப்பது கடினம்.

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கேஸ்வரர் கோயிலிலும் திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி கோயிலிலும் பெருங்கூட்டம் சேரும். கதிர்காமப் பாதயாத்திரை அடியார்களும் அந்தப் பருவத்தில் இந்த வீதியில்தான் நடந்து போவார்கள். விடியலுக்கு முன்பே புறப்பட்டு விடுவார்கள். அதனால் இருட்டில் வேகமாக ஓட்டாதீர்கள்.

வேனுக்குள்

ஹையேஸ் அளவு வேன் இரண்டு பேருக்குத் தாராளம். சிறு பிள்ளை ஒன்றும் சேர்ந்து படுக்கலாம். வாடகை வேன் என்றால், காப்புறுதி வாடகை ஓட்டத்துக்கும் செல்லுமா என்று பத்திரத்தை வாங்கிப் பாருங்கள். சொந்த வேன் என்றால், இருக்கைகளைக் கழற்றி நிரந்தரப் படுக்கை அடிக்கும் முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேளுங்கள். பதிவில் உள்ள இருக்கை எண்ணிக்கைக்கும் வேனில் உள்ளதற்கும் பொருந்தாமல் போனால் வீதிச் சோதனையில் மாட்டிக்கொள்வீர்கள். இருக்கையை மடித்து, அதன்மேல் 12 மில்லிமீற்றர் பிளைவூட் பலகையும் நாலு அங்குல மெத்தையும் போடுவது போதும். வீடு திரும்பியதும் கழற்றிவிடலாம்.

தண்ணீர் 20 லீற்றர் கலன் இரண்டு. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லீற்றர் பிடியுங்கள். கலன்களை முன் பின் சில்லுகளுக்கு நடுவே, தரையோடு வைத்துக் கட்டுங்கள். பின்கதவோரம் வைத்தால் வளைவில் வேனின் பின்பக்கம் ஆடும்.

மின்சாரக் கணக்கைப் புறப்படும் முன்பே போட்டுவிட வேண்டும். 100 ஆம்பியர் மணி ஈயப் பற்றரியில் பாதிக்குமேல் எடுத்தால் அதன் ஆயுள் சீக்கிரம் முடியும். ஆகவே உங்கள் கையில் இருப்பது 50 ஆம்பியர் மணி. சிறிய 12 வோல்ட் குளிரூட்டி இந்த வெக்கையில் நாளுக்கு 40 முதல் 45 வரை குடிக்கும். 15 வோட் மின்விசிறி இரவு முழுக்க ஓடினால் இன்னும் 10. ஒரே நாளில் கணக்கு மிஞ்சிவிடுகிறது. 200 வோட் சூரியத் தகடு இதை ஈடுசெய்யும், ஆனால் வேனை நிழலில் விட்டால் கூரைத் தகடு வேலை செய்யாது, வெயிலில் விட்டால் நீங்கள் உள்ளே இருக்க முடியாது. ஆகவே தகட்டைக் கூரையில் பூட்டாமல், ஐந்து மீற்றர் வயரோடு தனியாக வெளியே சாய்த்து வைக்கும்படி எடுத்துச் செல்லுங்கள். வயர் பற்றரியை விட்டுக் கிளம்பி ஒரு சாண் போவதற்குள் பியூஸ் இருக்க வேண்டும். வேன் ஸ்டார்ட் பற்றரியிலிருந்து விசிறியோ குளிரூட்டியோ எடுக்கவே கூடாது. காலையில் இயந்திரம் சுழலாது.

இந்தப் பயணத்துக்குக் குளிரூட்டி தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் கட்டி போதும். மீன்பிடிக் கரை என்பதால் வழியெங்கும் ஐஸ் கிடைக்கும். நொறுக்கிய ஐஸை விட முழுக்கட்டி அதிக நேரம் தாங்கும். அதைச் சாக்கில் சுற்றி வைத்து, பெட்டியைத் திறப்பதைக் குறையுங்கள். மீனை அன்றன்று வாங்கி அன்றன்றே சமையுங்கள்.

அடுப்பு எப்போதும் வேனுக்கு வெளியே. எரிவாயு காற்றை விடப் பாரமானது. கசிந்தால் வேனின் தரையில் தேங்கி நிற்கும், மேல் யன்னலைத் திறப்பதால் போகாது. சிலிண்டர் மூட்டுகளில் சவர்க்கார நுரை பூசிக் குமிழி வருகிறதா என்று தினமும் பாருங்கள். கச்சானில் அடுப்பு அணைந்து வாயு மட்டும் வெளியேறுவது அடிக்கடி நடக்கும். காற்றுத் தடுப்பு வையுங்கள். ஆனால் சிறிய எரிவாயுக் கான் வைத்த அடுப்பென்றால் கானையும் சேர்த்து மூடாதீர்கள், சூடேறி வெடித்துவிடும்.

எங்கே விடுவது

கல்முனை, சாய்ந்தமருது, காத்தான்குடிப் பக்கம் குடிமனை மிக நெருக்கம். ஆளில்லாத கரை என்று ஒன்று அங்கே கிடையாது. விடுதிகளின் வளவில் வேனை விட்டு, கழிவறைக்கும் குளியலுக்கும் ஒரு தொகை கொடுத்துத் தங்குவதே ஒழுங்கு. பாசிக்குடா, கல்லடி, அறுகம்குடா மூன்றிலும் இப்படிக் கேட்டுப் பார்க்கலாம். திருக்கோவில் போன்ற கோயில் ஊர்களில் ஆலய நிர்வாகத்திடமும், முஸ்லிம் ஊர்களில் பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் கேளுங்கள். கரையில் வாடி, அதாவது மீனவர் தங்கும் கொட்டில், இருந்தால் அங்கே இருப்பவர்களிடம், பொழுது படுமுன்னே போய், "அண்ணன், இஞ்ச இரவைக்கு வேனை விடலாமா?" என்று கேட்டாலே போதும். முஸ்லிம் ஊரென்றால் "நானா". கேட்காமல் விட்டால் நடு இரவில் யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள், பொலிசாகவும் இருக்கலாம். அடையாள அட்டையும் வேன் பத்திரங்களும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

தென்னைக்குக் கீழே விடவேண்டாம். தேங்காய் விழுந்தால் முன்கண்ணாடி போய்விடும். கச்சான் காலத்தில் வேனின் முகம் வடக்கே பார்க்க நிறுத்துங்கள். இடப்பக்க இழுவைக் கதவு மேற்கே திறக்கும், இரவு முழுக்கக் காற்று வரும், காலை வெயில் மறுபக்கத்தில் விழும். கதவளவுக்கு நுளம்பு வலை வெட்டி, ஓரத்தில் காந்தம் தைத்துக்கொள்ளுங்கள். வாவியோரத்தில் பொழுது படும் நேரம் வலையில்லாமல் இருக்கவே முடியாது.

வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் முஸ்லிம் ஊர்களில் கடைகள் மூடியிருக்கும். சாமான் வாங்குவதை அதற்கு முன் முடியுங்கள். பாணமைக்குப் போகும் முன் பொத்துவிலில் எரிபொருளை நிரப்பிவிடுங்கள்.

மணலில் புதைந்துவிட்டால்

முகத்துவாரத்துக்கோ வாடிக்கோ போகும் மண் பாதையில் தப்பித் தவறி இறங்கிவிட்டீர்கள், பின்சில்லு சுழல்கிறது, வேன் நகரவில்லை. அந்தக் கணமே காலை எடுங்கள். ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் சில்லு ஒரு குழியைத் தோண்டுகிறது. நாலைந்து தடவை மிதித்தால் வேனின் வயிறு மணலில் உட்கார்ந்துவிடும், பிறகு தள்ளியும் பயனில்லை.

எல்லாரும் இறங்குங்கள், தண்ணீர்க் கலன்களையும் இறக்குங்கள். சில்லுகளைச் சுற்றிய மணலையும் டிபரன்ஷலுக்குக் கீழே முட்டிய மணலையும் கையால் வாரி எடுங்கள். நாலு ரயரிலும் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறையுங்கள். ரயர் தட்டையாகி மணலை அகலமாக மிதிக்கும். 15க்குக் கீழே இறக்கினால் ரயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடக்கூடும். பின்சில்லுக்குக் கீழே கிடுகு, சாக்கு, பலகை எது கிடைத்தாலும் செருகுங்கள். முன்னே போக முயலாமல், வந்த தடத்திலேயே ரிவர்ஸில் மெதுவாக எடுங்கள். அந்தத் தடம் ஏற்கெனவே இறுகியிருக்கும். பலகை செருகிய சில்லுக்கு நேரே யாரும் நிற்கக்கூடாது, அது தெறித்து வரும். உழவு இயந்திரத்தால் இழுப்பதென்றால் கயிற்றை இழுவைக் கொக்கியில் கட்டுங்கள். பம்பரில் கட்டினால் பம்பர் மட்டும் வரும்.

தார் வீதிக்கு வந்தவுடன் காற்றை மறுபடி நிரப்புங்கள். கதவோரத்து ஒட்டியில் அளவு எழுதியிருக்கும். குறைந்த காற்றோடு வேகமாக ஓடினால் ரயரின் பக்கச் சுவர் சூடேறி வெடிக்கும். 12 வோல்ட் பம்பும் காற்றுமானியும் இல்லாமல் இந்தப் பயணம் வேண்டாம்.

நடை

காலை ஐந்தே முக்காலுக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடியுங்கள். அதன்பின் உலர்ந்த மணல் காலைச் சுடும். ஈர மணலில் மணிக்கு நாலு கிலோமீற்றர் போகலாம், இளகிய மணலில் இரண்டரைதான். இரண்டு மணி நடைக்கு ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர். இந்தக் கரையில் பல இடங்கள் சரிவானவை, ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே மிதிக்கும். போன வழியே திரும்பி வந்தால் இரண்டு காலுக்கும் சமமாகிவிடும். இலங்கைக் கடலில் வற்று பெருக்கு வித்தியாசம் மிகக் குறைவு, ஒரு மீற்றருக்கும் கீழே. அதைப் பற்றிக் கவலை வேண்டாம். அவதானிக்க வேண்டியது ஆற்றுவாயைத்தான்.

வாவியும் களப்பும் கடலோடு சேரும் வாய்கள் வரண்ட காலத்தில் மணல் திட்டால் மூடிக்கிடக்கும். அப்போது கால் நனையாமல் கடக்கலாம். மழை பெருகினால் தானாக உடைக்கும், அல்லது வயலும் ஊரும் வெள்ளத்தில் மூழ்காமல் இருக்க வெட்டிவிடுவார்கள். வெட்டிய வாயில் தண்ணீர் முழங்கால் அளவுதான் என்று தோன்றும், ஆனால் காலடி மணலை அரித்து இழுக்கும். கடலை நோக்கி ஓடும் எந்த வாயையும் கடக்காதீர்கள், அதன் முன்னே கடலில் குளிக்கவும் வேண்டாம். நேற்று மூடியிருந்த வாய் இன்று திறந்திருக்கலாம். காலையிலேயே மீனவரிடம் கேட்டுவிட்டு நடங்கள்.

முதல் நடைக்குப் பாசிக்குடாவும் கல்குடாவும். பாசிக்குடாவில் கடல் வெகுதூரம் ஆழமில்லை, பிள்ளைகளோடு போகிறவர்கள் குளிப்பதை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது கல்லடிக் கரையிலிருந்து நாவலடி ஊடாக முகத்துவாரம் வரை. 1913இல் கட்டிய பாலமீன்மடு வெளிச்சவீடு வாய்க்கு மறுபக்கம் நிற்கும். அங்கே போகவேண்டுமென்றால் திரும்பி வந்து நகருக்குள்ளால் வேனில் போங்கள். கல்லடியில் அலை பலமானது, நீந்த நல்ல இடமல்ல.

கரைவலை இழுக்கும் இடங்களில் கயிற்றைத் தாண்டாதீர்கள். தளர்ந்து கிடக்கும் கயிறு திடீரென்று விறைத்துக் காலை வெட்டும். வலை ஏறும்வரை ஓரமாக நில்லுங்கள், மீனும் அங்கேயே வாங்கலாம். ஊர்க்கரைகளில் உடம்பை மூடிய உடுப்போடு நடப்பது மரியாதை.

கோமாரிக்குப் பக்கத்துச் சங்கமன்கண்டி முனைதான் இலங்கையின் மிகக் கிழக்குப் புள்ளி. நாட்டில் முதலில் விடிகிற கரையில் நடக்க விரும்புபவர்கள் முதல் நாள் இரவே திருக்கோவிலிலோ பொத்துவிலிலோ தங்கிவிடுங்கள். பொத்துவிலுக்குத் தெற்கே நடையின் விதி மாறுகிறது. களப்புகளில் முதலை உண்டு, மாலையிலும் விடியலிலும் யானை இறங்கும். அறுகம்குடாவிலிருந்து தெற்கே கரையால் நடப்பவர்கள் நன்றாக வெளிச்சமான பிறகு, ஊரவர் ஒருவரோடு போங்கள். பாணமை வீதியில் ஆறு மணிக்குப் பிறகு வேனை ஓட்டவேண்டாம். யானை நின்றால் விளக்கைக் குறைத்து, ஹோர்ன் அடிக்காமல், தூரத்திலேயே நின்று பின்வாங்குங்கள். உகந்தை முருகன் கோயில் வரை பகலில் வேனில் போய் வரலாம், நடக்க முயலாதீர்கள். அதற்கப்பால் குமண தேசியப் பூங்கா. அங்கே ஜீப்தான்.

சொறிமீன் பட்டால் தேய்க்காமல் கடல்நீரால் கழுவி, தாங்கக்கூடிய சுடுநீரில் இருபது நிமிடம் வையுங்கள். மூச்சு முட்டினால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

திரும்பி வந்த அன்றே வேனின் அடிப்பக்கத்தை நன்னீரால் கழுவுவியுங்கள். பிறேக் குழாய், சைலன்சர் பட்டி, சில்லு வளைவின் உட்பக்கம் மூன்றையும் கேட்டுக் கழுவச் சொல்லுங்கள். உப்பு முதலில் தின்பது அந்த இடங்களைத்தான்.