சல்லி மாளிகையைத் தெருப் பக்கமிருந்து பாருங்கள்

பாரிஸின் மரே பகுதியிலுள்ள சல்லி மாளிகைக்குச் செல்வோர், வோஜ் சதுக்கத்து மூலையிலுள்ள சிறு வாயிலை விட்டு, சேன் அந்துவான் தெருவின் பெருவாயில் வழியாகவே நுழைய வேண்டும். முன்னே முற்றம், பின்னே தோட்டம், நடுவே வீடு என்பதே அக்காலப் பிரெஞ்சு நகர மாளிகையின் அமைப்பாதலால், அந்த வரிசையில் நடந்தால்தான் கட்டடக் கலைஞரின் எண்ணம் விளங்கும். 1620களில் நிதித்துறைச் செல்வர் ஒருவருக்காகக் கட்டத் தொடங்கப்பட்ட இதனை, நான்காம் ஹென்றி மன்னரின் அமைச்சராயிருந்த சல்லி கோமகன் 1634இல் வாங்கினார். முற்றத்தில் அவசரப்படாமல் நின்று, சன்னல்களுக்கு இடையிலுள்ள புடைப்புச் சிற்பங்களை நிமிர்ந்து பாருங்கள்: நிலம், நீர், நெருப்பு, காற்று ஆகியவற்றோடு இலையுதிர் காலமும் குளிர்காலமும் மனித உருவில் நிற்கும். எஞ்சிய இரு பருவங்களைத் தோட்டத்துச் சுவரில் தேட வேண்டும். தோட்டக் கோடியில், ஆரஞ்சு மரங்களைக் குளிரிலிருந்து காக்க எழுப்பிய கட்டடத்தைக் கடந்தால் சதுக்கம் வந்துவிடும்.