தட்டும் தராசும்: சிறுநீரக நோயோடு யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு

எனக்கு நாட்பட்ட சிறுநீரக நோய், நான்காம் நிலை. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர் எண் 15-க்கும் 29-க்கும் இடையில் நிற்கிறது என்று பொருள். இந்த நோய் வந்த பிறகு இரண்டு தடவை ஊருக்குப் போய் வந்தேன். முதல் தடவை, ஐந்தாம் நாள் காலையில் செருப்பின் வார் காலைச் சுற்றி எட்டவில்லை. கணுக்காலை விரலால் அழுத்தினேன். விழுந்த குழி நிரம்ப நேரம் எடுத்தது. சின்னம்மாவோ, "இப்போதுதான் முகம் களையாக இருக்கிறது, உடம்பு தேறிவிட்டது" என்று மகிழ்ந்தார். அன்று மாலை மருந்துக்கடைத் தராசில் ஏறியபோது மூன்று கிலோ கூடியிருந்தது. ஐந்து நாளில் மூன்று கிலோ சதை யாருக்கும் வைக்காது. அவ்வளவும் தேங்கிய நீர்.

இரண்டாம் தடவை தராசைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனேன். போன எடையோடு திரும்பினேன். கூழும் குடித்தேன், மாம்பழமும் சாப்பிட்டேன்.

புறப்படுமுன்

சிறிய டிஜிட்டல் தராசு ஒன்றை வாங்கி, வீட்டுத் தராசோடு ஒரு வாரம் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் அரைக் கிலோ வேறுபாடு இருந்தால் பரவாயில்லை, அது தெரிந்திருந்தால் போதும். உங்கள் வைத்தியரிடம் கடிதம் வாங்குங்கள். அதில் நோயின் நிலை, கடைசி இரத்தப் பரிசோதனை எண்கள், வீக்கம் இல்லாதபோது இருக்கும் எடை, மருந்துகளின் வேதிப்பெயர்கள் எல்லாம் இருக்க வேண்டும். வணிகப் பெயர்கள் நாட்டுக்கு நாடு மாறும்.

சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுப்பொருளான கிரியேற்றினின் அலகைப் பற்றி ஒரு சொல். கனடா, பிரித்தானியா, நோர்வே போன்ற நாடுகளில் லீற்றருக்கு இத்தனை மைக்ரோமோல் என்ற கணக்கில் தருவார்கள். ஊரில் சில ஆய்வுகூடங்கள் டெசிலீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் தரும். மைக்ரோமோல் எண்ணை 88.4 ஆல் வகுத்தால் மில்லிகிராம் எண் கிடைக்கும். 265-உம் 3.0-உம் ஒரே அளவுதான். இது தெரியாமல் "மூன்றுக்கு இறங்கிவிட்டது" என்று சந்தோஷப்பட்டு மருந்தைக் குறைத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

இரத்தச் சுத்திகரிப்பு (டயாலிசிஸ்) செய்பவர்கள் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே இடத்தை உறுதி செய்ய வேண்டும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் சுத்திகரிப்புப் பிரிவு இருக்கிறது. ஆனால் அங்கே ஊர் மக்களின் தேவையே பெரியது. அதனால் பல வாரங்களுக்கு முன்பே உங்கள் மருத்துவக் குழு மூலமாக, அங்கேயோ தனியார் இடத்திலோ எழுத்தில் உறுதி வாங்குங்கள். ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி பரிசோதனை முடிவுகளையும் கேட்பார்கள்.

காலைத் தராசு

எழுந்து, சிறுநீர் கழித்து, தேத்தண்ணீர் குடிக்குமுன், மெல்லிய உடையோடு தராசில் ஏறுங்கள். தராசைப் பாயிலோ விரிப்பிலோ வைக்காமல் சீமெந்துத் தரையில் வையுங்கள். நாளையும் எண்ணையும் எழுதி வையுங்கள். நீண்ட நேரம் விமானத்தில் இருந்தாலே கால் வீங்கும். ஆகவே புறப்பட்ட நாள் காலை எடையையே அடிப்படையாகக் கொள்ளுங்கள்.

ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோ. ஒரே நாளில் ஒரு கிலோவோ, ஒரு வாரத்தில் இரண்டு கிலோவோ கூடினால் அது நீர்தான் என்று எடுத்துக்கொண்டு வைத்தியரைத் தொடர்பு கொள்ளுங்கள். நீரைப் பிடித்து வைப்பது உப்பு. வைத்தியசாலையில் ஏற்றும் சேலைன் ஒரு லீற்றரில் 9 கிராம் உப்பு இருக்கிறது. சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாமல் 9 கிராம் உப்பு உடலில் தங்கினால், அதனோடு ஏறக்குறைய ஒரு லீற்றர் நீரும் தங்கும். ஒரு நாளைக்கு நமக்குச் சொல்லப்படும் எல்லையோ 5 கிராம், மட்டமான ஒரு தேக்கரண்டி. கருவாட்டுக் குழம்பு, ஊறுகாய், பொரித்த மோர்மிளகாய் மூன்றும் ஒரே தட்டில் சேர்ந்தால் மதியச் சாப்பாட்டிலேயே அந்த எல்லையைத் தாண்டிவிடலாம்.

எடை குறைவதையும் கவனியுங்கள். இரண்டு நாளில் ஒன்றரைக் கிலோ குறைந்தால், வெயிலிலோ வயிற்றோட்டத்திலோ நீர் வற்றியிருக்கிறது. அதுவும் சிறுநீரகத்துக்கு அடிதான். மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதைத் தராசு காட்டாது. பயந்து எல்லாவற்றையும் விலக்கி வெறும் சோறும் சொதியுமாக இருப்பவர்களுக்குத் தசை கரையும். அந்த இடத்தை நீர் நிரப்பும். எண் மாறாது, சட்டைக் கை மட்டும் தொளதொளக்கும். அளவுநாடாவால் மேற்கையின் நடுச்சுற்றளவைப் போகும்போதும் வரும்போதும் அளந்துகொள்ளுங்கள். முயலாமலே மூன்று மாதத்தில் எடையில் 5 வீதம் குறைந்தால் அது உடல் தேய்வின் அறிகுறி. உணவியலாளரைப் பார்க்க வேண்டும்.

சமையலறையில்

இலையில் உட்கார்ந்த பிறகு "இது வேண்டாம், அது வேண்டாம்" என்று சொன்னால் சமைத்தவர் மனம் நோகும். பேச வேண்டிய பேச்சைப் போவதற்கு இரண்டு வாரம் முன்பே தொலைபேசியில் பேசிவிடுங்கள். நான் சின்னம்மாவிடம் கேட்டது ஒன்றுதான்: "கறிக்கு உப்புப் போடுமுன் எனக்கு ஒரு சின்னச் சட்டியில் எடுத்து வையுங்கள்." வேறு சமையல் தேவையில்லை, வேறு தூள் தேவையில்லை. வீட்டில் வறுத்து இடித்த மிளகாய்த்தூளில் உப்புக் கிடையாது. தேசிக்காய், மிளகு, சீரகம், கறிவேப்பிலை இவை உப்பின் குறையை நன்றாகவே மறைக்கும். சுவைக் கட்டிகளை மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். "குறைந்த உப்பு" என்று விற்கும் மாற்று உப்பையும் தொடாதீர்கள். அதில் பலவற்றில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள், தளர்ந்த சிறுநீரகம் அதை வெளியேற்றத் திணறும்.

நம் காலைச் சாப்பாடு இந்த நோய்க்கு ஏற்றது. இடியப்பத்திலும் புட்டிலும் பொட்டாசியம் குறைவு. மாவு குழைக்கும் நீரில் உப்பைக் குறைத்து, சம்பலைத் தொட்டுக்கொள்ளும் அளவுக்கு வைத்தால் போதும். புரதத்துக்குக் கரையிலிருந்து அன்றன்றைக்கு வரும் பச்சை மீனைவிட நல்லது எது? சுத்திகரிப்புச் செய்யாதவர்களுக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு, ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளில் 0.8 கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 48 கிராம். உள்ளங்கை அளவு மீன் துண்டில் ஏறக்குறைய 20 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம், மிகுதி சோற்றிலும் பருப்பிலும் வந்துவிடும். விருந்துத் தட்டில் மீன், நண்டு, இறால், கணவாய் நான்கும் வந்தால் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். சுத்திகரிப்புச் செய்பவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்களுக்குக் கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வேண்டும், அவர்கள் புரதத்தைக் குறைக்கவே கூடாது.

ஒடியல் கூழைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்காகவே நாம் கனவு காண்கிறோம். ஒரே பானையில் மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை, பழப்புளி, காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மா. உப்பு, பொட்டாசியம், பொஸ்பரஸ், நீர் நான்கும் ஒன்றாக இறங்கும் உணவு இதைப்போல் வேறில்லை. வழக்கமாக மூன்று நான்கு பிளா (பனையோலைக் குவளை) போகும். நான் ஒரு பிளா குடித்தேன். அன்று வேறு பழம், கீரை, கிழங்கு எதுவும் எடுக்கவில்லை. இரவுக்கு உப்பில்லாத இடியப்பம். குடித்த கூழைத் தண்ணீர்க் கணக்கில் சேர்த்தேன். மறுநாள் காலை தராசு முந்நூறு கிராம் கூட்டிக் காட்டியது. அதற்கடுத்த நாள் பழைய எண்.

பொட்டாசியத்தை எல்லாச் சிறுநீரக நோயாளரும் விலக்க வேண்டியதில்லை. இரத்தத்தில் அது ஏறியிருக்கிறதா என்பதே கேள்வி, அதைப் புறப்படுமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏறும் தன்மை இருந்தால் முதலில் இளநீரை விடுங்கள். வெயிலில் போய் வந்தவுடன் வெட்டித் தருவார்கள். 100 மில்லிலீற்றரில் ஏறக்குறைய 250 மில்லிகிராம் பொட்டாசியம். ஒரு காய் குடித்தால் இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டதற்குக் கிட்ட வரும். பலாப்பழமும் அதிகம்தான். கறுத்தக் கொழும்பான் மாம்பழம் அவற்றைவிடக் குறைவு, ஒரு கன்னம் தாராளமாகச் சாப்பிடலாம். கிழங்குகளைச் சிறிதாக வெட்டி, நிறைய நீரில் அவித்து, நீரை வடித்துவிட்டுச் சமைத்தால் பொட்டாசியத்தில் ஒரு பங்கு நீரோடு போய்விடும்.

காமரங்காய் என்கிற நட்சத்திரப் பழத்தை வாயிலும் வைக்காதீர்கள். அதிலுள்ள நச்சைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு என்று போய் உயிர் போனவர்களும் உண்டு. சாறாகவும் வேண்டாம், அச்சாறாகவும் வேண்டாம்.

நல்லூரில்

இருபத்தைந்து நாள் திருவிழா, ஆவணி வெயில். தண்ணீர்ப் பந்தல்களில் உப்பு மோரும் சர்பத்தும் அன்போடு நீட்டுவார்கள். வாங்கி ஒரு மிடறு குடித்து, மிகுதியைப் பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுங்கள். தாகத்துக்கு உங்கள் போத்தல் நீர். நீர்க் கட்டுப்பாடு உள்ளவர்கள் வீட்டிலிருந்தே அளந்து கொண்டுபோனால் கணக்குத் தவறாது. நீர் அருந்தாத விரதத்தை வைத்தியரைக் கேட்காமல் பிடிக்க வேண்டாம். சிறுநீரகம் தளர்ந்தவர்களின் உடலில் இன்சுலின் நீண்ட நேரம் தங்கும். நீரிழிவும் சேர்ந்திருந்தால் ஒருவேளை சாப்பாடு தவறினாலே சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்.

கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். கரைந்திருக்கும் உப்பும் நைத்திரேற்றும் போகாது. குடிப்பதற்குப் போத்தல் நீரையோ நன்கு வடிகட்டிய நீரையோ வைத்துக்கொள்வது நல்லது.

உடம்புக்கு முடியாமல் போனால்

வயிற்றோட்டமும் வாந்தியும்தான் பயணத்தில் நமக்குப் பெரிய எதிரி. அந்த நாட்களில் சில இரத்த அழுத்த மாத்திரைகள், சிறுநீர் பெருக்கும் மாத்திரைகள், நீரிழிவுக்கான மெட்ஃபோர்மின் போன்றவற்றை நிறுத்தி வைக்க வேண்டியிருக்கலாம். எதை, எத்தனை நாள் என்று முன்கூட்டியே எழுதி வாங்கி வையுங்கள். வாய்வழி நீரேற்றக் கரைசலிலும் பொட்டாசியம் இருக்கிறது, அதன் அளவையும் கேட்டு வையுங்கள்.

முழங்கால் வலி என்று போனால் மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக்கோ ஐபுபுரோஃபெனோ கைக்கு வந்துவிடும். இரண்டும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பரசிற்றமோல் மட்டும் கேளுங்கள், அளவோடு. உறவினர் பரிந்துரைக்கும் பற்பம், செந்தூரம், பெயர் தெரியாத குடிநீர் இவற்றையும் அன்போடு மறுத்துவிடுங்கள்.

மூச்சு வாங்கினால், படுக்க முடியாமல் இருமினால், நெஞ்சு படபடத்துக் கை கால் தளர்ந்தால், சிறுநீர் மிகவும் குறைந்தால் காத்திருக்க வேண்டாம். 1990 என்ற எண்ணை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

திரும்பி வந்து ஓரிரு வாரத்துக்குள் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். எடைக் குறிப்பையும் கொண்டுபோங்கள். சின்னம்மா சமையலறை நாட்காட்டியில் என் எடையைத் தினமும் தானே எழுதி வைத்திருந்தார். புறப்படும் நாளில் ஆவணித் தாளைக் கிழித்து மடித்துக் கடவுச்சீட்டுக்குள் வைத்தார். இங்கே வைத்தியர் அந்தத் தாளை மேசையில் விரித்து, தேர் நாளைச் சுற்றி எழுநூறு கிராம் கூடியிருந்த இடத்தில் விரலை வைத்து, "அன்று என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டார்.