கூட்டாட்சிப் பேரரசுக்கு ராஜ பட்டம் வைக்கிறது எப்படி? ஆல்டர்நேட் ஹிஸ்டரி எழுதறவங்களுக்கு

ஆல்டர்நேட் ஹிஸ்டரி, அதாவது சரித்திரம் வேற மாதிரி நடந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு கற்பனைக் கதை எழுதறவங்க நிறைய பேர் மேப் அழகா போடுவாங்க, கொடி, ரயில்வே, நோட்டு, ஸ்டாம்ப் எல்லாம் யோசிப்பாங்க, ஆனா ராஜாக்களுக்குப் பட்டம் வைக்கிற இடம் வந்தா மட்டும் ராஜாதி ராஜ ராஜ மார்த்தாண்டன்னு நீட்டி விட்டுட்டுப் போயிடுவாங்க. ஒரே ராஜா ஆளற நாடுன்னா அது போதும். பல ராஜாக்கள் சேர்ந்து ஒரு பேரரசு நடத்தறாங்கன்னா போதாது, ஏன்னா அங்க ஒவ்வொரு பட்டமும் யாரோ பேரம் பேசி, முறைச்சுக்கிட்டு, கடைசில விட்டுக்கொடுத்து வாங்கினது. அதனால முதல்ல ஒப்பந்தத்தை எழுதுங்க, பட்டம் அப்புறம் தானா வரும்.

உதாரணத்துக்கு எங்கயும் போக வேண்டாம், நம்ம நாட்டுலயே நடக்காம போன ஒரு கூட்டாட்சி இருக்கு. 1935 இந்திய அரசுச் சட்டத்துல பிரிட்டிஷ் மாகாணங்களும் சமஸ்தானங்களும் சேர்ந்து ஒரு ஃபெடரேஷன்னு முழு திட்டமே போட்டாங்க. சமஸ்தான மக்கள்தொகைல பாதியாவது உள்ள ராஜாக்கள் கையெழுத்து போடணும், மேல்சபைல சமஸ்தானங்களுக்குன்னு இருந்த 104 இடத்துல 52 இடமாவது அவங்க கணக்குல வரணும், அப்பதான் ஃபெடரேஷன் ஆரம்பிக்கும். ராஜாக்கள் இழுத்துக்கிட்டே இருந்தாங்க, 1939ல யுத்தம் வந்துடுச்சு, திட்டம் அப்படியே நின்னு போச்சு. யுத்தத்துக்கு முன்னாடியே அந்தக் கையெழுத்தெல்லாம் விழுந்திருந்தா? இந்த ஒரு கேள்வி போதும், இனி சொல்றதெல்லாம் இதை வெச்சுதான் சொல்றேன்.

முதல் வேலை, உச்சில இருக்கறவருக்கு என்ன பேர். இங்க ஜெர்மனிக் கதையைக் கட்டாயம் தெரிஞ்சுக்கணும். 1871 ஜனவரி 18ல வெர்சேல்ஸ் அரண்மனைல பிரஷ்யா ராஜா வில்ஹெல்மைப் பேரரசரா அறிவிக்கறாங்க. அவருக்கு 'ஜெர்மனியின் பேரரசர்'னு பேர் வேணும். அவரோட பிரதமர் பிஸ்மார்க் முடியவே முடியாதுன்னுட்டார், ஏன்னா அப்படிச் சொன்னா பவேரியா, சாக்ஸனி, வூர்ட்டெம்பெர்க் ராஜாக்களோட மண்ணும் இவருதுன்னு ஆயிடும், அவங்க ஒத்துக்க மாட்டாங்க. 'ஜெர்மன் பேரரசர்'தான், அதாவது தலைவர், ஆனா மண்ணுக்கு சொந்தக்காரர் இல்ல. வில்ஹெல்முக்கு செம கோபம். விழாவுல பாடன் நாட்டு கிராண்ட் ட்யூக் ரெண்டையும் சொல்லாம 'பேரரசர் வில்ஹெல்ம் வாழ்க'ன்னு பொதுவா குரல் கொடுத்து சமாளிச்சார், வில்ஹெல்ம் மேடைலேர்ந்து இறங்கி பிஸ்மார்க்குக்குக் கை கூட கொடுக்காம தாண்டிப் போயிட்டார். இந்த மாதிரி ஒரு சண்டை உங்க கதைலயும் இருந்தாதான் அந்தப் பட்டத்துக்கு உயிர் வரும். அதனால உங்க சக்கரவர்த்தி பேர்ல ஊர்ப்பேர் சேர்க்கறதுக்கு முன்னாடி, எந்த ராஜா அதைக் கேட்டு முகம் சுளிப்பார்னு ஒரு நிமிஷம் யோசிங்க.

வம்சமே வேண்டாம், சுழற்சி முறை வெச்சுக்கலாம்னா மலேசியா இருக்கு. 9 மாநில ராஜாக்கள் தங்களுக்குள்ளயே ஒருத்தரை 5 வருஷத்துக்கு யாங் டி-பெர்துவான் அகோங்கா, அதாவது முழு நாட்டுக்கும் மாமன்னரா தேர்ந்தெடுக்கறாங்க. அவர் மேல போனதும் சொந்த மாநிலத்துல அவர் சார்பா ஒரு ரீஜெண்ட் உட்காருவார். கதைக்கு இது நல்ல தீனி, ஏன்னா 5 வருஷம் கழிச்சு திரும்பி வர்றவருக்கு அந்த ரீஜெண்ட் நாற்காலியை சந்தோஷமா விட்டுக் கொடுப்பாரான்னு ஒரு கேள்வி எப்பவும் தொங்கிக்கிட்டே இருக்கும்.

அடுத்தது கீழ இருக்கற ராஜாக்களோட வரிசை. இங்கதான் எல்லாரும் வழுக்கறாங்க. பட்டப் பேரை மட்டும் வெச்சு ஏணி கட்ட முடியாது, கொஞ்ச நாள்ல எல்லாரும் மகாராஜா ஆயிடுவாங்க, அப்புறம் அந்தப் பேருக்கு மதிப்பே இருக்காது. பிரிட்டிஷ்காரங்க அதனாலதான் பக்கத்துலயே இன்னொரு ஏணி வெச்சாங்க, பீரங்கி மரியாதை. ஹைதராபாத், மைசூர், பரோடா, குவாலியர், காஷ்மீர் அஞ்சுக்கும் 21 குண்டு, திருவிதாங்கூருக்கு 19, கொச்சிக்கு 17. வைஸ்ராய்க்கு 31, சக்கரவர்த்திக்கு 101. அதுலயும் 21 வாங்கற அஞ்சு பேர்ல நிஜாம் மட்டும் ஒரு படி மேல, முதல் உலக யுத்தத்துல செஞ்ச உதவிக்கு 1918ல அவருக்கு மட்டும் 'ஹிஸ் எக்ஸால்டட் ஹைனஸ்', மத்தவங்க எல்லாம் வெறும் 'ஹைனஸ்'. உங்க பேரரசுல பீரங்கிக்கு பதிலா குடை எண்ணிக்கையோ, தர்பார்ல உட்கார்ற வரிசையோ, சக்கரவர்த்தி எத்தனை அடி எழுந்து வந்து வரவேற்கறார்ங்கறதோ எது வேணா இருக்கட்டும், ஆனா எண்ணிப் பார்க்கற மாதிரி ஒண்ணு இருக்கணும், அப்பதான் சண்டை போட முடியும்.

மானப் பிரச்னைக்கு மருந்து புதுப் பதவி. 1949ல ராஜஸ்தான் ஒண்ணா சேரும்போது ராஜ்பிரமுக், அதாவது புது மாநிலத்தோட தலைவர் யாருன்னு கேள்வி வந்துது. ஜெய்ப்பூர் மகாராஜாவுக்குக் கொடுக்கணும், ஆனா ராஜபுத்திர வம்சங்கள்ல உதய்ப்பூர் மகாராணாவுக்குத்தான் முதல் மரியாதை, அவரை ஜெய்ப்பூருக்குக் கீழ உட்கார வைக்க முடியுமா? ஜெய்ப்பூருக்கு ராஜ்பிரமுக், உதய்ப்பூருக்கு அதுக்கு மேல மகாராஜ்பிரமுக்னு ஒண்ணு புதுசா உண்டாக்கினாங்க. அதிகாரம் ஒருத்தர்கிட்ட, மரியாதை இன்னொருத்தர்கிட்ட. எனக்கு ரொம்பப் பிடிச்ச தீர்வு இது, கூட்டாட்சின்னா என்னன்னு இந்த ஒரு பதவியே சொல்லிடும். உங்க லிஸ்ட்ல இப்படி ரெண்டு மூணு பதவியாவது இருக்கட்டும், பார்த்தாலே யாரையோ சமாதானப்படுத்த வெச்சதுன்னு தெரியணும்.

நான் இருக்கறது பெங்களூர்ங்கறதால இன்னொண்ணு சொல்றேன். தொம்லூர் சொக்கநாத சுவாமி கோயிலுக்கு ஒரு தடவை போய் அங்க இருக்கற தமிழ்க் கல்வெட்டைப் பாருங்க. ராஜேந்திர சோழ வளநாடு, இளைப்பாக்க நாடு, தொம்பலூர்னு ராஜா பேர்ல ஆரம்பிச்சு படிப்படியா நம்ம ஊர் வரைக்கும் இறங்கி வரும். மைசூரைச் சுத்தி இருந்த கங்கவாடியைப் பிடிச்சதும் சோழர்கள் அதுக்கு முடிகொண்ட சோழ மண்டலம்னு பேர் வெச்சாங்க, கோலார் பக்கம் நிகரிலிச் சோழ மண்டலம். மதுரைக்கு அனுப்பின இளவரசனுக்கு சோழ பாண்டியன்னு பட்டம். ஜெயிச்ச வம்சம், தோத்த வம்சம் ரெண்டும் ஒரே பேர்ல, அதைக் கேட்ட மதுரைக்காரனுக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. அது படையெடுத்துப் பிடிச்ச பேரரசோட பட்டம். கையெழுத்து போட்டு சேர்ந்த பேரரசுல இப்படி ஒரு பட்டத்தை யாரும் ஒத்துக்க மாட்டாங்க, அதனால உங்க லிஸ்ட்ல இந்த டைப் பட்டம் ஒண்ணு இருந்தா அந்த மாநிலம் மட்டும் எப்படி சேர்ந்துதுன்னு படிக்கறவனுக்கு சொல்லாமலே புரிஞ்சுடும்.

சாமி விஷயத்தை மறந்துடாதீங்க. 1750ல மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாப சுவாமிக்கு எழுதி வெச்சார், அதுக்கப்புறம் திருவிதாங்கூர் ராஜா எல்லாரும் பத்மநாப தாசர்தான். சாமிக்கு வேலைக்காரனா ஆள்றவர் டெல்லில இன்னொரு மனுஷனுக்கு எப்படி விசுவாசப் பிரமாணம் எடுப்பார்? இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சு ஒப்பந்தத்துல எழுதுங்க, அதுலேர்ந்தே ஒரு அத்தியாயம் வந்துடும்.

பெண்களோட பட்டத்தை ராஜாவோட பட்டத்துக்கு 'ணி' போட்டு முடிச்சுடாதீங்க. திருவிதாங்கூர்ல மருமக்கள் தாயம், அதாவது தாய்வழி வாரிசு முறை, அங்க மகாராணிங்கறது ராஜாவோட பொண்டாட்டி இல்ல, தாய்வழில வர்ற அக்கா தங்கச்சி, அவங்க பொண்ணுங்கதான், ராஜாவைக் கட்டினவங்களுக்கு அம்மச்சின்னு தனிப் பட்டம். அந்த அம்மச்சி டெல்லி தர்பாருக்குப் போனா எந்த வரிசைல உட்காருவாங்க, மைசூர் மகாராணி பக்கத்துலயா பின்னாடியா? மைசூர்ல 1895லேர்ந்து 1902 வரைக்கும் ரீஜெண்டா ஆண்ட கெம்பநஞ்சம்மணிக்கு வாணிவிலாச சன்னிதானம்னு சொந்தப் பட்டமே இருந்துது, நம்ம ஊர் வாணிவிலாஸ் ஆஸ்பத்திரி அவங்க பேர்தான். வாரிசுப் பட்டமும் அப்படித்தான், யுவராஜான்னா மகன்னு எடுத்துக்காதீங்க. மைசூர்ல நாலாவது கிருஷ்ணராஜ உடையாருக்கு அவர் தம்பிதான் யுவராஜா, 1940ல தம்பி முதல்ல போய், சில மாசத்துல அண்ணனும் போய், தம்பி மகன் ஜயசாமராஜருக்குப் பட்டம் வந்துது.

ராஜா இல்லாத இடங்களுக்கும் ஒரு பேர் வேணும். ஜெர்மன் பேரரசுல 25 உறுப்பு நாடு, அதுல ஹாம்பர்க், பிரேமன், லூபெக் மூணும் ராஜாவே இல்லாத சுதந்திர நகரங்கள். நம்ம பெங்களூர் கண்டோன்மெண்ட் 1947 வரைக்கும் மைசூர் சமஸ்தானத்துக்கு நடுவுல பிரிட்டிஷ் நிர்வாகத்துல இருந்த தனித் தீவு, அல்சூர், சிவாஜிநகர் எல்லாம் அதுக்குள்ளதான். ஃபெடரேஷன் வந்திருந்தா அதுக்கு யார் தலைவர், தர்பார்ல அவருக்கு நாற்காலி உண்டா, குண்டு உண்டா? தமிழ்க்காரங்க இவ்வளவு பேர் இருந்த இடம், இதை யாராவது எழுதணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

எல்லாம் முடிஞ்சதும் ஒவ்வொரு பட்டத்தையும் மூணு விதமா எழுதிப் பாருங்க. கெஜட்ல வர்ற முழுப் பட்டம், மத்த ராஜாக்கள் கடிதத்துல போடறது, தெருவுல ஜனங்க சொல்றது. மூணாவதுதான் முக்கியம், கிருஷ்ணராஜேந்திரர் கே.ஆர். மார்க்கெட் ஆனார், ஜயசாமராஜேந்திரர் ஜே.சி. ரோடு ஆனார். ஆஸ்திரியா-ஹங்கேரி ராணுவத்தோட பட்டத்தை முதல்ல 'க.க.'ன்னு சுருக்குவாங்க, ரெண்டும் ஜெர்மன் வார்த்தையோட முதல் எழுத்து, பேரரசு-அரசுன்னு அர்த்தம், பேரரசு ஆஸ்திரியா, அரசு ஹங்கேரி. நடுவுல ஒரு 'உம்' வேணும், இல்லன்னா நாங்க அவங்களுக்குள்ள அடக்கம்னு ஆயிடும்னு ஹங்கேரிக்காரங்க விடாம கேட்டாங்க. ரெண்டு நாடும் சமமா சேர ஒப்பந்தம் போட்டது 1867ல, அந்த 'உம்' ராணுவத்துக்கு வந்தது 1889ல. உங்க பட்டத்தையும் சுருக்கி எழுதிட்டு, அந்த சுருக்கத்துல எந்த மாநிலம் காணாம போகுதுன்னு பாருங்க. காணாம போன மாநிலத்துக்காரன் எழுதற புகார் கடிதத்தை முதல் அத்தியாயத்துல வெச்சு கதையை ஆரம்பிச்சுடுங்க.