பவுடர் வழக்குச் செய்தியும் நாம் செய்யும் தவறுகளும்

போன மழைக்காலத்தில் தாராவியில் எங்கள் சாலில், அதாவது வரிசை வீடுகளில், குடியிருக்கும் ஓர் அக்கா தன் கைப்பேசியை நீட்டி, "இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லும்மா" என்றார். வாட்ஸ்அப்பில் வந்த செய்தி. பவுடர் போட்டதால் புற்றுநோய் வந்த பெண்களுக்கு அமெரிக்காவில் பல கோடி கிடைத்திருக்கிறது, இந்தியப் பெண்களும் பெயர் கொடுக்கலாம், ஆதார் நகலையும் பதிவுக் கட்டணம் 4,500 ரூபாயையும் அனுப்புங்கள் என்று இருந்தது. அக்காவுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வந்து, கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வைத்து முடித்து, இப்போது நடமாடுகிறார். பணத்தை எடுத்து முந்தானையில் முடிந்தும் வைத்துவிட்டார்.

மும்பை பரேலில் உள்ள புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிற தமிழ்ப் பெண்களுக்கு மொழிபெயர்க்க நான் சில வருடங்களாகக் கூடப் போகிறேன். இந்த பவுடர் விஷயத்தில் ஒரே மாதிரியான குழப்பங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் குழப்பம் நோயின் பெயரிலேயே இருக்கிறது. நம் பேச்சில் எல்லாமே "கர்ப்பப்பை கேன்சர்"தான். ஆனால் கர்ப்பப்பை வாய் வேறு, கர்ப்பப்பை வேறு, முட்டை உருவாகும் சினைப்பை வேறு. கர்ப்பப்பை வாயில் வரும் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணம் ஹெச்பிவி வைரஸ். அமெரிக்காவின் பவுடர் வழக்குகளில் மிகப் பெரும்பகுதி சினைப்பைப் புற்றுநோய் பற்றியவை. இன்னொரு பகுதி மீசோதீலியோமா, அதாவது நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் புற்றுநோய். அக்காவுக்கு வந்தது இரண்டும் இல்லை. கேஸ் பேப்பரில், அதாவது மருத்துவமனைக் குறிப்பில், ஓவரி (சினைப்பை) என்று எழுதியிருக்கிறதா, செர்விக்ஸ் (கர்ப்பப்பை வாய்) என்று எழுதியிருக்கிறதா என்று டாக்டரிடம் ஒரு முறை கேட்டாலே இது தெளிந்துவிடும். இதோடு ஒட்டிய இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன்: பாப் ஸ்மியர் எடுத்தாயிற்று, இனிப் பயமில்லை என்று நினைப்பது. அந்தச் சோதனை கர்ப்பப்பை வாய்க்கானது, சினைப்பையைக் காட்டாது. வயிறு உப்பிக்கொண்டே இருப்பது, கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்துவிடுவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் வருவது, இவை வாரக்கணக்கில் நீடித்தால் கேஸ் மாத்திரை போட்டுச் சமாளிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

அடுத்தது பவுடரில் இருக்கும் டால்க்கையும் ஆஸ்பெஸ்டாஸையும் ஒன்றாக நினைப்பது. ஆஸ்பெஸ்டாஸ் என்றால் நமக்குத் தலைக்கு மேலே இருக்கும் கூரை சீட்டுதான் ஞாபகம் வரும். டால்க்கும் சரி, ஆஸ்பெஸ்டாஸும் சரி, பூமியிலிருந்து தோண்டி எடுக்கும் கனிமங்கள். சில இடங்களில் இரண்டும் அக்கம்பக்கமாகவே கிடக்கும். சுரங்கத்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால், எடுத்ததைச் சரியாகச் சோதிக்காவிட்டால், டால்க்கோடு ஆஸ்பெஸ்டாஸ் இழையும் வந்துவிடும் என்பதுதான் வழக்குப் போட்டவர்களின் வாதம். ஆஸ்பெஸ்டாஸ் புற்றுநோயை உண்டாக்கும் என்பதில் சந்தேகமே கிடையாது. மீசோதீலியோமா வர இருபது, முப்பது, நாற்பது வருடங்கள்கூட ஆகலாம். இந்த வழக்குகளில் சிக்கிய பேபி பவுடரைத் தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம், அதில் சிறிய அளவில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததைப் பல பத்தாண்டுகளாக அறிந்திருந்தது என்று 2018 டிசம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி முகமை எழுதியது. நிறுவனம் அதை மறுத்தது, தன் பவுடரில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை, அது பாதுகாப்பானது என்று இன்றுவரை சொல்கிறது. 2019 அக்டோபரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒரு டப்பாவில் ஆஸ்பெஸ்டாஸ் தடயம் கண்டதாகச் சொன்னதும், சுமார் 33,000 டப்பாக்கள் கொண்ட ஒரு தொகுதியை நிறுவனம் திரும்பப் பெற்றது.

ஆஸ்பெஸ்டாஸ் கலக்காத டால்க்கே கெடுதலா என்பது தனிக் கேள்வி. இங்கேதான் பலர் நீதிமன்றத் தீர்ப்பை விஞ்ஞானத் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். 1982இல் பாஸ்டனில் நடந்த ஓர் ஆய்வு, அந்தரங்கப் பகுதியில் பவுடர் போடுவதற்கும் சினைப்பைப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்றது. 2020இல் சுமார் 2,50,000 பெண்களின் தகவலை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது உறுதியாகச் சொல்லும்படியான தொடர்பு தெரியவில்லை. 2024இல் 50,000க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்த இன்னோர் ஆய்வு, தொடர்பு இருப்பதாகவே சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டால்க்கை "புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சாத்தியம் அதிகம்" என்ற 2ஏ பிரிவில் வைத்தது. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி போன்ற சிவப்பு இறைச்சியும் அதே பிரிவில்தான் இருக்கிறது. ஒரு பொருளால் கெடுதல் வர முடியுமா என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்லும், எத்தனை பேருக்கு வரும் என்பதை அல்ல.

சினைப்பை ஆய்வுகள் கவனித்தது அந்தரங்க இடத்தில், நாப்கினில், உள்ளாடையில் பவுடர் போடும் பழக்கத்தை. முகத்துக்கும் கழுத்துக்கும் போடுவதை அல்ல. மே மாத மும்பைப் புழுக்கத்தில் சயானிலிருந்து கூட்ட ரயிலில் வேலைக்குப் போகிற பெண் தொடை இடுக்கில் பவுடர் போடாமல் எப்படிச் சமாளிப்பாள்? அந்தப் பழக்கத்தை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் டாக்டர் கேட்டால்கூடக் கூச்சப்பட்டு மறைத்துவிடுகிறோமே, அதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. எத்தனை வயதிலிருந்து, எந்த இடத்தில், எவ்வளவு நாள் போட்டோம் என்று சொன்னால் அது கேஸ் பேப்பரில் ஏறும். வழக்கு என்று வரும்போது, பிறகு நினைவிலிருந்து சொல்வதைவிட அன்றைக்கே டாக்டர் எழுதிய ஒரு வரிக்கு மதிப்பு அதிகம்.

சரி, அந்தக் கோடிகள். தலைப்பில் வரும் தொகையையே கடைசித் தொகை என்று நம்புவது நாம் செய்யும் பெரிய தவறு. 2017 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸ் ஜூரி, அதாவது வழக்கில் முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு, ஒரு பெண்ணுக்கு 41.7 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. இரண்டே மாதத்தில் அதே வழக்கின் நீதிபதி அதை ரத்து செய்தார். 2018இல் செயின்ட் லூயிஸில் 22 பெண்களுக்கு 469 கோடி டாலர் என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில் அது சுமார் 210 கோடியாகக் குறைந்தது, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021இல் தலையிட மறுத்த பிறகுதான் பணம் வந்தது. எல்லா வழக்கையும் ஒரேயடியாக முடிக்க நிறுவனம் துணை நிறுவனங்களை வைத்து மூன்று முறை திவால் மனு போட்டது. 2023 ஜனவரியில், ஜூலையில், 2025 மார்ச்சில் என மூன்றும் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. பல்லாயிரம் பெண்கள் இன்னும் காத்திருக்கிறார்கள், பலர் காத்திருந்தே இறந்துவிட்டார்கள்.

எனக்கு மறக்காத வழக்கு 2016இல் வந்தது. அலபாமா மாநிலத்துப் பெண் ஒருவர் மிசௌரி மாநிலத்தில் வழக்குப் போட்டிருந்தார். தீர்ப்புக்கு முன்பே அவர் காலமாகிவிட்டார், குடும்பத்துக்கு 7.2 கோடி டாலர் என்று ஜூரி சொன்னது. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது. அவர் மிசௌரிக்காரர் இல்லை, அவருடைய வழக்கை விசாரிக்க அந்த மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்பதுதான் காரணம். அமெரிக்கப் பெண்ணுக்கே அந்த நாட்டின் வேறொரு மாநிலத்தில் வழக்கு நிற்கவில்லை என்றால், தாராவியிலிருந்து ஆதார் நகல் அனுப்பிப் பங்கு வாங்குவது எப்படி நடக்கும்? அக்காவிடம் இதைத்தான் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன். நம் நாட்டு வக்கீல்கள் விளம்பரம் செய்து கட்சிக்காரரைப் பிடிக்கக் கூடாது, ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று பேசவும் கூடாது. பார் கவுன்சில் விதியே அப்படி. அப்படியொரு செய்தி வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

மும்பை முலுண்டில் உள்ள ஜான்சன் ஆலை விஷயத்தையும் பலர் தவறாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் மகாராஷ்டிர உணவு, மருந்து நிர்வாகம் அங்கே பேபி பவுடர் தயாரிக்கும் உரிமத்தை ரத்து செய்தது. "புற்றுநோய் பவுடர் தடை" என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. உண்மையில் புனே, நாசிக்கில் எடுத்த மாதிரிகளில் பிஹெச் அளவு, அதாவது அமில-காரத் தன்மை, சரியில்லை என்பதுதான் புகார். ஆஸ்பெஸ்டாஸ் அதில் வரவே இல்லை. மாதிரி எடுத்தது 2018இல். 2023 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தத் தாமதத்தைக் கண்டித்து உத்தரவுகளை ரத்து செய்தது. இதை வைத்து நம் ஊரிலும் பவுடரால் புற்றுநோய் என்று நிரூபணம் ஆகிவிட்டது என்று எந்த நீதிமன்றத்திலும் வாதாட முடியாது.

இனி, உண்மையிலேயே சினைப்பைப் புற்றுநோயோ மீசோதீலியோமாவோ வந்து, பவுடர் மேல் சந்தேகமும் இருப்பவர்களுக்கு. இங்கே நடக்கும் தவறுகள்தான் திருத்த முடியாதவை.

வீட்டில் நோய் என்று தெரிந்ததும் முதல் வேலையாகப் பவுடர் டப்பாவைக் குப்பையில் போடுகிறார்கள். ஆத்திரம் புரிகிறது. ஆனால் டப்பாவில்தான் பேட்ச் எண், தயாரித்த மாதம், உரிம எண் எல்லாம் இருக்கும். மிச்சப் பவுடரோடு அப்படியே ஒரு ஜிப் கவரில் போட்டு மூடி வையுங்கள். வேறு டப்பாவுக்கு மாற்ற வேண்டாம், முகர்ந்து பார்க்கவும் வேண்டாம். பழைய பில், ஆன்லைன் ஆர்டர் விவரம், டப்பா கண்ணில் படும் பழைய போட்டோ இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள்.

அதைவிட முக்கியம் பிளாக். அறுவை சிகிச்சையிலோ பயாப்சியிலோ எடுத்த சதையை மெழுகில் பதித்து லேபில் வைத்திருப்பார்கள். திசுவுக்குள் டால்க் துகளோ ஆஸ்பெஸ்டாஸ் இழையோ இருக்கிறதா என்று எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் தேட அதுதான் வேண்டும். எந்த லேபும் அதைக் காலத்துக்கும் வைத்திருக்காது. பரேலுக்கு இரண்டாவது கருத்து கேட்கப் போகும்போது பிளாக்கையும் ஸ்லைடையும் வாங்கிவரச் சொல்வார்கள், திரும்பக் கைக்கு வந்ததும் பலர் அதை அடுப்படிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். அது மெழுகு, சூட்டில் இளகிவிடும். குளிர்ச்சியான, காய்ந்த இடத்தில் வையுங்கள். பிளாக்கில் எழுதியிருக்கும் எண்ணும் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒத்துப் பாருங்கள், யாரிடம் கொடுத்தாலும் எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

அப்புறம் காலக்கெடு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இல் குறைபாடுள்ள பொருளால் உடலுக்குத் தீங்கு வந்தால் தயாரிப்பாளரிடம் இழப்பீடு கேட்கத் தனி அத்தியாயமே இருக்கிறது. ஆனால் புகாரை இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் நுகர்வோர் ஆணையம் ஏற்கலாம், அது நம் கையில் இல்லை. எந்த ஆணையம் என்பதைப் பொருளுக்குக் கொடுத்த விலைதான் தீர்மானிக்கும், கேட்கும் இழப்பீடு அல்ல. பவுடருக்குக் கொடுத்த விலைக்கு மாவட்ட ஆணையமே போதும், கட்டணமும் கிடையாது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், நிறுவனத்தின் ஊருக்கு அலைய வேண்டாம். நோய்க்குக் காரணம் இந்தப் பவுடர்தான் என்று நிபுணர் சாட்சியோடு நிரூபிப்பது கடினமான வேலை, அதை மறைத்து யாருக்கும் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். குடும்பத்தில் வேறு யாருக்காவது மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ வந்ததா என்று எதிர்த்தரப்பு முதலில் கேட்கும். பரம்பரையாக வரும் மரபணு மாற்றம் பவுடரைவிடப் பெரிய காரணம் என்பது உண்மை. அதனால் அதையும் வக்கீலிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வக்கீலுக்குப் பணமில்லை என்று பின்வாங்குவதும் தவறுதான். சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம். நுகர்வோர் உதவிக்கு 1915.

இப்போது எந்தப் பவுடரை வாங்குவது என்றும் கேட்கிறார்கள். ஜான்சன் நிறுவனம் அமெரிக்காவிலும் கனடாவிலும் 2020இல் டால்க் பேபி பவுடரை நிறுத்தி, 2023இல் உலகம் முழுக்கச் சோள மாவுக்கு மாறப் போவதாக 2022இல் அறிவித்தது. அதற்காக எல்லாக் கம்பெனியும் மாறிவிட்டது என்று எண்ண வேண்டாம். டப்பாவின் பின்பக்கம் டால்க் என்று இருக்கிறதா என்று பாருங்கள். கைக்குழந்தைக்கு எந்தப் பவுடரும் வேண்டாம், மூச்சில் போகும்.

அக்கா முடிச்சை அவிழ்த்து 4,500 ரூபாயை எண்ணி உள்ளே வைத்தார். அடுத்த செக்கப்புக்குப் போகும்போது கேஸ் பேப்பரின் முதல் பக்கத்தை நீட்டி, "எனக்கு எந்த இடத்துலன்னு இதுல காட்டு" என்று கேட்டார். காட்டினேன். அந்தச் சொல்லுக்குக் கீழே பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறார்.