அறிமுகமில்லாத துணையோடு நீருக்குள் இறங்கலாமா?

தனியாகப் பயணம் செய்யும் ஸ்கூபா டைவர்கள் எல்லோருக்கும் இந்தச் சூழல் ஒருநாள் வந்தே தீரும். படகில் ஏறியதும் டைவ் மாஸ்டர் பெயர்ப் பட்டியலைப் பார்த்து, நீங்கள் இருவரும் சேர்ந்து இறங்குங்கள் என்று கைகாட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அடுத்த அரைமணி நேரத்துக்குள், பெயர்கூடச் சரியாகக் காதில் விழாத ஒருவருடைய சிலிண்டரை உங்கள் ஆபத்துக்கால இருப்பாகவும், உங்கள் சிலிண்டரை அவருடைய இருப்பாகவும் ஏற்றுக்கொண்டு இருவரும் குதிக்க வேண்டும். அந்த அரைமணி நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. "இறங்கலாம்", "இறங்க வேண்டாம்" என்ற இரண்டு விடைகள் மட்டுமே இருப்பதாக எண்ணுவதால்தான் பலர் சங்கடப்பட்டுக்கொண்டே சம்மதிக்கிறார்கள். இவற்றுக்கு நடுவே மூன்றாவது விடை ஒன்று உண்டு: டைவைச் சிறிதாக்குவது. 30 மீட்டர் என்று திட்டமிட்டதை 15 மீட்டராக்கலாம். சிதைந்த கப்பலின் உள்ளே நுழைவதை விட்டுவிட்டு வெளியிலிருந்து மட்டும் பார்க்கலாம். நீரோட்டம் உள்ள இடத்தைத் தவிர்த்து, அமைதியான பாறைத்திட்டின் ஓரமாக நீந்தலாம். அறிமுகமில்லாத ஒருவரோடு இறங்கும் முதல் டைவுக்குப் பெரும்பாலும் சரியான விடை இதுதான் என்பது என் கருத்து.

அட்டையும் எண்ணிக்கையும் சொல்லாதவை

பயிற்சி அட்டை சில வரம்புகளைச் சொல்லும். பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் ஓப்பன் வாட்டர் சான்றிதழ் 18 மீட்டர் வரைக்கும், அட்வான்ஸ்டு ஓப்பன் வாட்டர் 30 மீட்டர் வரைக்கும் உரியவை. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டர். இருவரில் யாருடைய அட்டை குறைந்த நிலையில் இருக்கிறதோ அதுவே இருவருக்குமான ஆழ எல்லை. ஆனால் அந்த அட்டை அவர் ஒருகாலத்தில் எதைக் கற்றார் என்பதைச் சொல்லுமே தவிர, கடைசியாக எப்போது நீரில் இறங்கினார் என்பதைச் சொல்லாது. எத்தனை டைவ் முடித்திருக்கிறார் என்ற எண்ணிக்கையும் அப்படித்தான். வெதுவெதுப்பான, கண்ணாடி போன்ற நீரில் 300 முறை இறங்கியவருக்கு, கை நீட்டினால் விரல் தெரியாத குளிர்ந்த ஏரி முற்றிலும் புதியது.

ஆகவே எண்ணிக்கையைக் கேட்பதற்குப் பதிலாக, கடைசி டைவைப் பற்றிக் கேளுங்கள். எப்போது, எங்கே, எவ்வளவு ஆழம், நீர் எப்படி இருந்தது, எவ்வளவு காற்றோடு மேலே வந்தீர்கள் என்று கேட்டால், பழக்கமுள்ளவர் தயங்காமல் விவரிப்பார். ஓராண்டுக்கும் மேலாக நீரைத் தொடாதவர் என்றால், அவர் முதலில் ஆழமில்லாத நீரில் பயிற்றுநரோடு ஒருமுறை பழகிக்கொள்வதே இருவருக்கும் நல்லது. ஆம் அல்லது இல்லை என்று முடிந்துவிடும் கேள்விகளால் பயன் குறைவு. "காற்றைச் சரியாகக் கவனிப்பீர்கள்தானே?" என்று கேட்டால் உலகில் யாரும் இல்லை என்று சொல்லப்போவதில்லை. "எந்த இடைவெளியில் காற்றைப் பார்ப்பீர்கள், எவ்வளவு மிஞ்சும்போது திரும்புவீர்கள்?" என்பதே பொருளுள்ள கேள்வி.

இந்த உரையாடலில் திறமையைவிட உண்மையைத்தான் நான் முதலில் தேடுவேன். உங்கள் பலவீனத்தை நீங்களே முதலில் சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவருக்கும் சொல்வது எளிதாகிறது. "எனக்கு இடக்காதில் அழுத்தம் மெதுவாகத்தான் சமனாகும், அதனால் இறங்கும்போது நிதானமாக வருவேன்" என்று நான் தொடங்கியபோது, "எனக்கு மாஸ்க்கில் நீர் புகுந்தால் இன்னும் பதற்றம் வரும்" என்று ஒரு பெண் சொன்னார். அவர் முடித்திருந்தது வெறும் 14 டைவ்கள். அன்று இருவரும் 12 மீட்டருக்குக் கீழே போகவில்லை. நான் அவர் முகத்தைக் கவனித்தபடியே நீந்தினேன். மாஸ்க்கில் நீர் புகுந்தபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாக வெளியேற்றினார். இன்னொரு சமயம், நூற்றுக்கணக்கான டைவ் முடித்த ஒருவர், தனக்கு எந்தச் சிக்கலும் வந்ததே இல்லை என்று சொன்னார். இறங்கிய பத்தாவது நிமிடத்தில் அவருடைய ஃபின்கள் (கால் துடுப்புகள்) கலங்கிய நீருக்குள் மறைந்ததைப் பார்த்தேன். பிறகு படகில்தான் சந்தித்தோம். முந்தையவரோடு மறுபடியும் இறங்க நான் தயார்.

காற்றுக் கணக்கைச் சேர்ந்தே போடுங்கள்

டைவர்ஸ் அலெர்ட் நெட்வொர்க் என்ற டைவிங் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட பகுப்பாய்வு ஒன்று, 947 டைவிங் மரணங்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றும் எந்த நிகழ்விலிருந்து தொடங்கியது என்று தேடியது. காரணத்தைக் கண்டறிய முடிந்தவற்றில் ஏறத்தாழ 40 விழுக்காடு காற்றுப் பற்றாக்குறையில் தொடங்கியிருந்தன. எனவே நேரம் குறைவாக இருந்து ஒரே ஒரு விஷயத்தைத்தான் பேச முடியும் என்றால், காற்றைப் பற்றியே பேசுங்கள்.

இருவர் ஒரே சிலிண்டரில் மேலேற எவ்வளவு காற்று வேண்டும் என்பது எளிய கணக்கு. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பார் (அழுத்தத்தின் அலகு) கூடுகிறது. ஆகவே 20 மீட்டரில் மேற்பரப்பில் இருப்பதைப்போல மூன்று மடங்கு காற்று செலவாகும். பதற்றத்தில் இருக்கும் ஒருவர் மேற்பரப்புக் கணக்கில் நிமிடத்துக்கு 25 லிட்டர் இழுக்கிறார் என்று வைத்துக்கொண்டால், இருவருக்கு 50 லிட்டர். நிலைமையைப் புரிந்துகொண்டு ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) மாற்றிக்கொள்ள 20 மீட்டரில் ஒரு நிமிடம் எடுத்தால் 150 லிட்டர் போய்விடும். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏறினால் இன்னொரு 220 லிட்டர். பாதுகாப்புக்காக 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்றால் 225 லிட்டர். மொத்தம் 600 லிட்டருக்கு அருகில் வரும். 12 லிட்டர் சிலிண்டரில் அது (600 ÷ 12) 50 பார். இதே கணக்கை 30 மீட்டருக்குப் போட்டால் 70 பார் ஆகிறது. 50 பார் வந்ததும் கிளம்பலாம் என்று பழகிய ஒருவரோடு 30 மீட்டருக்கு இறங்கினால், அந்த 50 பார் அவர் ஒருவருக்குப் போதுமே ஒழிய இருவருக்குப் போதாது. எந்த அளவில் திரும்புவது என்பதைப் படகிலேயே எண்ணாகச் சொல்லி, இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த எண்ணைக் கேட்டதும் ஒருவர் முகம் சுளிக்கிறார் என்றால், உங்களுக்குத் தேவையான விடை கிடைத்துவிட்டது.

காற்றுச் செலவில் வேறுபாடு இருப்பது இயல்பு; அது ஒருவருடைய குற்றமல்ல. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் 2,400 லிட்டர். அதில் 600 லிட்டரை ஒதுக்கினால் மிஞ்சுவது 1,800. மேற்பரப்புக் கணக்கில் நிமிடத்துக்கு 15 லிட்டர் செலவிடுபவர் அதை வைத்து 20 மீட்டரில் 40 நிமிடம் இருப்பார். 22 லிட்டர் செலவிடுபவருக்கு 27 நிமிடத்தில் தீர்ந்துவிடும். யாருடைய காற்று முதலில் குறைகிறதோ அவரோடு இருவரும் மேலே வருவார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், நீருக்குள் ஒருவர் வெட்கத்தால் தன் அளவைக் கூட்டிக் காட்டும் ஆபத்து குறையும்.

கருவிகளும் சைகைகளும்

இறங்குவதற்கு முன் செய்யும் பரஸ்பரச் சோதனையை ஒரு சடங்காக எண்ணாதீர்கள். பழகிய துணையிடம் நீங்கள் அறிந்திருக்கும் எல்லாவற்றையும் ஒரு புதியவரிடம் கற்றுக்கொள்வதற்கு உள்ள ஒரே வாய்ப்பு அதுதான். அவருடைய பி.சி.டி. (மிதப்பைக் கட்டுப்படுத்தும் காற்றுச் சட்டை) எந்தப் பொத்தானில் நிரம்பும், எந்தக் கயிற்றை இழுத்தால் காற்று வெளியேறும், எடை பெல்ட்டில் இருக்கிறதா பைகளில் இருக்கிறதா, அதை எப்படிக் கழற்றுவது என்பதையெல்லாம் பார்ப்பதோடு நிற்காமல் தொட்டு அறிய வேண்டும். ரெகுலேட்டரில் நான்கைந்து முறை மூச்சிழுத்தபடி அழுத்தமானியைப் பாருங்கள். முள் ஆடினால் சிலிண்டரின் வால்வு முழுமையாகத் திறக்கப்படவில்லை என்று பொருள்.

மாற்று ரெகுலேட்டர்தான் இங்கே மிக முக்கியமானது, ஏனெனில் எல்லோரும் ஒரே முறையைக் கற்பதில்லை. சிலருடைய ஆக்டோபஸ் (மாற்று ரெகுலேட்டரின் இன்னொரு பெயர்) மஞ்சள் குழாயோடு மார்பில் மாட்டப்பட்டிருக்கும்; அதை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். சிலர் நீண்ட குழாயில் உள்ள, தாம் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும் ரெகுலேட்டரையே உங்களுக்குத் தந்துவிட்டு, கழுத்தில் தொங்கும் மற்றொன்றுக்கு மாறுவார்கள். இன்னும் சிலருக்கு மாற்று ரெகுலேட்டர் பி.சி.டி.யின் காற்று நிரப்பும் குழாயிலேயே இருக்கும். அவர்களும் வாயில் இருப்பதைத்தான் தருவார்கள். இது தெரியாமல் இறங்கும் இருவர், காற்று தீர்ந்த கணத்தில் ஒருவர் மார்பை ஒருவர் தடவிக்கொண்டிருக்க நேரும். படகிலேயே ஒருமுறை கொடுத்து வாங்கிப் பாருங்கள். அரை நிமிடம்கூட ஆகாது.

சைகைகளிலும் கட்டைவிரலை மேலே காட்டினால் "மேலே போவோம்" என்பதும், காற்றில்லை என்பதற்குக் கையைக் கழுத்தின் குறுக்கே இழுப்பதும் எங்கும் பொது. எத்தனை பார் மிஞ்சியிருக்கிறது என்பதை விரல்களால் காட்டும் முறை மட்டும் இடத்துக்கு இடம் மாறும். அதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். இருவரும் பிரிந்துவிட்டால் ஒரு நிமிடத்துக்கு மேல் தேடாமல் மேலேறி மேற்பரப்பில் சந்திப்பது பரவலாகக் கற்பிக்கப்படும் முறை. அதையும் வாய்விட்டுச் சொல்லி உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒருவர் நைட்ராக்ஸ் எனப்படும் ஆக்சிஜன் கூடிய கலவையைப் பயன்படுத்தினால் ஆழ எல்லை அவருடைய கலவையைப் பொறுத்தது (32 விழுக்காடு ஆக்சிஜனுக்கு வழக்கமான வரம்பில் சுமார் 33 மீட்டர்); கீழே தங்கும் நேரம் சாதாரணக் காற்றில் இருப்பவருடையது. துணைவர் கேமரா கொண்டுவந்தால், படம் எடுக்கும்போது அவர் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார் என்ற அனுமானத்திலேயே திட்டமிடுங்கள்.

மறுக்க வேண்டிய சமயங்கள்

சோதனை தேவையில்லை என்பவர், மது அருந்திவிட்டு வந்தவர், கடும் சளியோடு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குபவர், தன் பயிற்சி எல்லையைத் தாண்டிய ஆழத்துக்கு உங்களை அழைப்பவர், "என்னைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், நான் பார்த்துக்கொள்வேன்" என்பவர் ஆகியோரோடு டைவைச் சிறிதாக்குவதும் உதவாது, மறுத்துவிடுங்கள். கடைசியாகச் சொன்னவர் அதைப் பெருந்தன்மையாகவே சொல்லக்கூடும். ஆனால் அதன் பொருள், அவரும் உங்களைப் பார்க்கப்போவதில்லை என்பதே.

மறுப்பதில் கடினமானது சொல்லும் விதம். பணம் கட்டியாகிவிட்டது, படகு கிளம்பிவிட்டது, எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்ற அழுத்தம் உண்மையானது. அந்த நபரைக் குறைசொல்லத் தேவையில்லை. டைவ் மாஸ்டரைத் தனியே அழைத்து, "இந்தத் திட்டத்துக்கு நாங்கள் இருவரும் பொருத்தமான ஜோடியாகத் தோன்றவில்லை, நான் உங்களோடு அல்லது வேறொரு ஜோடியோடு மூன்றாவதாக வரட்டுமா?" என்று கேட்டால் போதும். மூவராக இறங்குவதில் ஒருவர் கவனத்திலிருந்து நழுவும் வாய்ப்பு உண்டு என்பதால், யார் யாரைப் பார்ப்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள். எந்த ஏற்பாடும் அமையாவிட்டால் படகிலேயே இருந்துவிடுங்கள். தனியாக இறங்குவதை அதற்கு மாற்றாக எண்ண வேண்டாம். அதற்கெனத் தனிப் பயிற்சியும், தனி ரெகுலேட்டரோடு கூடிய உதிரிச் சிலிண்டரும் வேண்டும்.

முதல் ஐந்து நிமிடம்

படகில் எடுத்த முடிவு தற்காலிகமானது. 5 மீட்டரில் ஒருமுறை நின்று, ஒருவர் கருவியில் குமிழி கசிகிறதா என்று மற்றவர் பார்த்து, சைகை பரிமாறிக்கொண்ட பிறகே கீழே செல்லுங்கள். இதற்குள்ளேயே நிறையத் தெரிந்துவிடும்: அவர் அந்தரத்தில் அசையாமல் நிற்கிறாரா, கைகளால் நீரை அளைந்துகொண்டே இருக்கிறாரா, குமிழிகள் ஓயாமல் வருகின்றனவா, ஒருமுறையாவது உங்களைத் திரும்பிப் பார்க்கிறாரா. எட்டாவது அல்லது பத்தாவது நிமிடத்தில், தேவை இல்லாவிட்டாலும், காற்றளவைக் கேளுங்கள். அவர் மானியைப் பார்த்துவிட்டுச் சொல்கிறாரா, பார்க்காமலேயே "சரி" என்று காட்டுகிறாரா என்பது முக்கியம். இரண்டு மூன்று மீட்டருக்குள் இருங்கள். நீர் கலங்கினால் இன்னும் நெருங்குங்கள். ஃபின்னை நான்கைந்து முறை அடித்து எட்ட முடியாத தூரத்தில் இருக்கும் துணை, காற்று தீர்ந்த நிலையில் உங்களுக்கு உதவ முடியாது.

மனம் ஒப்பவில்லை என்றால் கட்டைவிரலை மேலே காட்டுங்கள். காரணத்தை மேலே வந்து சொல்லிக்கொள்ளலாம். அந்தச் சைகைக்கு விளக்கம் கேட்காமல் பணிய வேண்டும் என்பதையும் இறங்குவதற்கு முன்பே பேசி வைத்திருந்தால், இந்தக் கணம் எளிதாகிவிடும்.

மேலே வந்ததும் மீனைப் பற்றிப் பேசத் தொடங்குவதற்கு முன், இருவருடைய மீதிக் காற்றையும் ஆழத்தையும் ஒப்பிட்டு, எங்கே தூரம் கூடியது, எந்தச் சைகை புரியவில்லை என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது டைவை இன்னும் ஐந்து மீட்டர் ஆழமாக்கலாமா என்ற கேள்வியை அதற்குப் பிறகு எடுங்கள்.