எல்க் வளர்ப்பு: வேலியில் தொடங்குங்கள்

கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் ஓர் எல்க் பண்ணையில் மூன்று ஆண்டுகள் கூலிக்கு வேலை பார்த்தேன். பண்ணை தொடங்கும் ஆசையோடு வருகிறவர்கள் எல்லாரும் "ஒரு ஜோடி என்ன விலை?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். வாங்குவது கடைசி வேலை. அதற்கு முன் செய்ய வேண்டியவற்றில்தான் பணமும் பொறுமையும் போகும். அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

எல்க் வட அமெரிக்காவின் பெரிய மான், நம் மிளாவுக்குத் தூரத்து உறவு. ஐரோப்பாவில் எல்க் என்றால் மூஸ் என்ற வேறொரு பெரிய மானைக் குறிக்கும். குழப்பம் வேண்டாம் என்றால் 'வாபிட்டி' என்று தேடுங்கள். ஷானீ பழங்குடியினரின் மொழியில் அதற்கு 'வெண்ணிறப் பிட்டம்' என்று பொருள். பின்பக்கம் பார்த்தால் பெயர்ப் பொருத்தம் விளங்கும். ஆணைக் கலை என்றும் பெண்ணைப் பிணை என்றும் எழுதப்போகிறேன். தமிழில் நல்ல சொற்கள் இருக்கும்போது விடுவானேன்? பிணை 225 முதல் 270 கிலோ வரை இருக்கும். வளர்ந்த கலை 350 கிலோவைத் தாண்டும்.

முதல் படி: அனுமதியும் நோய்க் கணக்கும்

உரிமம் இல்லாமல் ஆல்பர்ட்டாவில் எல்க் வளர்க்க முடியாது. ஒவ்வொரு விலங்குக்கும் காதுவில்லை, பதிவேடு, இடம் மாற்ற அனுமதி என எல்லாம் உண்டு. இந்தக் கெடுபிடிக்குக் காரணம் நாள்பட்ட நலிவு நோய். உருத்திரிந்த புரதம் ஒன்று மூளையைச் சல்லடையாக அரித்துவிடும். விலங்கு எலும்பும் தோலுமாகிச் சாகும். மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. நோய்ப்பொருள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். கனடாவில் பண்ணை எல்க் ஒன்றில் இது முதலில் கண்டறியப்பட்டது 1996இல், பக்கத்து மாநிலமான சஸ்காச்சுவனில். மந்தை முழுவதையும் கொன்று புதைத்த பண்ணைகள் உண்டு. நாட்டு மருந்துக்காக எல்க்கின் இளங்கொம்பை வாங்கிக்கொண்டிருந்த தென்கொரியா கதவைச் சாத்தியது. அதை நம்பிக் கடன் வாங்கியவர்கள் நொடித்துப் போனார்கள்.

ஆகவே செத்த விலங்கைப் புதைப்பதற்கு முன், ஓராண்டைக் கடந்ததாக இருந்தால், தலையைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். இதைச் சுமையாக நினைக்காதீர்கள். நாளை உங்கள் கன்றை விற்கும்போது அந்தப் பதிவேடுதான் விலை பேசும்.

இரண்டாம் படி: வேலி

எட்டடி உயரம், முறுக்கேறிய இரும்புக் கம்பி வலை. இதில் பேரம் கிடையாது. அடிப்பகுதியில் கண்ணிகள் சிறியதாக இருக்கட்டும். கன்று வெளியே போகாது, கயோட்டி என்ற சிறு ஓநாய் உள்ளே வராது. பணம் இருந்தால் சில அடி இடைவெளி விட்டு இன்னொரு வேலியும் போடுங்கள். காட்டு மான்கள் மூக்கோடு மூக்கு உரசி நோயைத் தந்துவிட்டுப் போவதை அது தடுக்கும்.

வேலி போடும் இடத்தை ஒரு குளிர்காலம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நாங்கள் வேலை பார்த்த பண்ணையின் வடக்கு ஓரத்தில் காற்று பனியைக் கொண்டுவந்து குவித்தது. பிப்ரவரியில் எட்டடி வேலி ஐந்தடியாகிவிட்டது. மூன்று பிணைகள் இறுகிய பனிமேட்டில் ஏறி நிதானமாக அந்தப் பக்கம் இறங்கிப் போயின. பிறகு மார்ச் வரை தினமும் காலையில் மண்வெட்டியோடு பனி வெட்டினோம்.

மூன்றாம் படி: பிடிப்பகம்

கால்நடை மருத்துவமனைகளில் மாட்டை நிறுத்தும் இரும்புச் சட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். எல்க்குக்கு அது போதாது. இருட்டான கொட்டகை, பலகையால் முழுக்க மூடிய வளைவான சந்து, முடிவில் இருபக்கமும் நெருக்கிப் பிடிக்கும் மெத்தை வைத்த கூண்டு வேண்டும். வெளிச்சக் கீற்று தெரிந்தால் அங்கே பாயும். நான் முதல் நாள் நைலான் சட்டை போட்டுக்கொண்டு போனேன். அதன் சரசரப்புக்கே ஆறு பிணைகள் சுவரில் மோதின. அன்றிலிருந்து கம்பளிதான்.

எல்க் கோபத்தைச் சொல்லிவிட்டுத்தான் காட்டும். தலையை உயர்த்தி, மேலுதட்டைச் சுருக்கி, யானைத் தந்தம் போன்ற இரு கோரைப் பற்களைக் காட்டி, பல்லை நறநறவென்று கடிக்கும். அதைக் கேட்டால் பின்வாங்குங்கள். விரட்டி ஓடவிட்டுக் களைக்க வைத்தால் தசை நலிந்து சில நாளில் செத்துப்போகவும் கூடும்.

நான்காம் படி: வாங்குவது

ஒற்றை விலங்கை வாங்காதீர்கள். மந்தை இல்லாத எல்க் வேலியோரமே நடந்து தேயும். ஐந்தாறு இளம் பிணைகளோடு தொடங்கலாம். கலையை இரண்டாம் ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். விலங்கின் அழகைவிட, அது வந்த மந்தைக்கு எத்தனை ஆண்டு நோயற்ற பதிவு இருக்கிறது என்று கேளுங்கள். புட்டிப்பால் குடித்து வளர்ந்த கலையை இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். மனிதனைக் கண்டு அஞ்சாத கலைதான் இணைசேரும் பருவமான செப்டம்பரில் ஆளைக் குத்தும்.

இறக்கிவிடுவது காலையில் இருக்கட்டும். வேலிக் கம்பியில் வண்ணத் துணிகளைக் கட்டிவையுங்கள். புது இடத்தில் கம்பி அவற்றின் கண்ணுக்குத் தெரியாது.

ஐந்தாம் படி: தீவனம்

ஒரு கறிமாட்டுக்கு ஆகும் மேய்ச்சலில் இரண்டு பிணைகள் பிழைக்கும் என்பது கைக்கணக்கு. கோடையில் புல், குளிரில் குதிரை மசாலும் ஓட்ஸும். தாது உப்பு வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: செம்மறியாட்டுக்கு விற்கும் கலவையில் செம்பு சேர்த்திருக்காது, எல்க்குக்கோ செம்பு குறைந்தால் எலும்பும் கொம்பும் கெடும். செம்மறியாட்டையும் எல்க்கையும் ஒரே இடத்தில் கட்டாதீர்கள். ஆட்டுக்கு ஒன்றும் செய்யாத கிருமி மானைக் கொல்லும்.

ஆறாம் படி: ஆண்டுச் சுழற்சி

வசந்தத்தில் பழைய கொம்பு உதிரும். புதியது வெல்வெட் போன்ற தோல் போர்த்து, நாளுக்கு இரண்டு சென்டிமீட்டருக்கும் மேல் வளரும். சுமார் இரண்டு மாதத்தில், இறுகுவதற்கு முன், மரப்பு ஊசி போட்டு அறுப்பார்கள்; விற்பனைக்குப் போகும் இளங்கொம்பு இதுதான். நல்ல கலையிடம் பத்து கிலோ வரை கிடைக்கும். பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

மே கடைசியிலும் ஜூனிலும் கன்றுகள் பிறக்கும். பதினைந்து கிலோ எடை, புள்ளிப் புள்ளியாய்த் தோல். தாய் அதைப் புல்லில் படுக்கவைத்துவிட்டு மேயப் போகும். தாய் கைவிட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிவரும் தவறை எல்லாப் புதியவர்களும் செய்கிறார்கள். தூக்காதீர்கள். காதுவில்லை போடுவதானால் முதல் நாளே, தாய் தள்ளிப் போயிருக்கும்போது, இருவராகப் போங்கள்: ஒருவர் வில்லை போட, ஒருவர் தாயைப் பார்க்க.

செப்டம்பரில் கலை கூவும். ஊதுகுழல் போல் உயர்ந்து, அடித்தொண்டையில் உறுமி முடியும் குரல். அந்த மாதம் அது தீனியை மறந்து எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை இழக்கும். அப்போது வேலிக்குள் நடந்து போகாதீர்கள். டிராக்டரில் உட்கார்ந்தே தீவனம் போடுங்கள், வாயிற்கதவைத் திறக்கும் முன் கலை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நடக்கும்போது எல்க்கின் கால் மூட்டுகள் டக் டக்கென்று சத்தம் போடும். இருட்டில் அந்தச் சத்தம் உங்கள் பக்கம் நெருங்கினால் டிராக்டரை விட்டு இறங்காதீர்கள்.