நோக்கம் பைலில் இருக்கிறது, வேலை எங்கேயோ நடக்கிறது: சின்ன அமைப்புகளுக்கு ஒரு செய்முறை

உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், மகளிர் குழுக் கூட்டமைப்பு, டிரஸ்ட் என்று ஏதாவது ஒன்றை நடத்துகிறவர்களுக்கு இது. ஆட்கள் காலையிலிருந்து ராத்திரி வரை ஓடுகிறார்கள், ஆனால் எதற்காக ஆரம்பித்தோமோ அது மட்டும் நகரமாட்டேன் என்கிறதா? இதைச் செய்து பாருங்கள். ஏற்காட்டில் காபியும் மிளகும் வாங்கி விற்கிற எங்கள் விவசாயிகள் நிறுவனத்தில் செய்து பார்த்தது. கணக்கு வழக்கு என் பொறுப்பு என்பதால் இதுவும் என் தலையில் விழுந்தது. பதிவு, பான், பேங்க் கணக்கு எல்லாம் உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

1. நோக்கத்தை ஒரே வரியில் எழுதுங்கள்

புதிதாக யோசிக்க வேண்டாம், ரிசார்ட்டில் ரூம் போட்டு 'விஷன் மிஷன்' பயிற்சியும் வேண்டாம். பதிவுக்குக் கொடுத்த மெமோராண்டத்திலேயே, டிரஸ்ட் என்றால் பத்திரத்திலேயே, நோக்கங்கள் என்று ஒரு பகுதி இருக்கும். உற்பத்தியாளர் நிறுவனம் என்றால் கம்பெனிச் சட்டம் 378பி பிரிவில் உள்ள பட்டியலைப் பெரும்பாலும் அப்படியே இறக்கியிருப்பார்கள். உறுப்பினர்கள் எதை நம்பிப் பங்குத்தொகை கட்டினார்களோ அந்த ஒன்றை மட்டும் பிடித்து, யாருக்கு என்ன மாற வேண்டும் என்று எழுதுங்கள். எங்களுடையது: 'உறுப்பினர் கொண்டுவரும் காபிக்கும் மிளகுக்கும் உள்ளூர் வியாபாரி தருவதைவிடக் கூடுதல் விலை, எடையிலும் ஈரத்திலும் ஏமாற்று இல்லாமல்.' 'வாழ்வாதாரத்தை மேம்படுத்துதல்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அதற்குள் எதை வேண்டுமானாலும் அடக்கிவிடலாம்.

2. ஒரு வாரம் எல்லோரும் எழுதட்டும்

மேனேஜர் முதல் வேன் டிரைவர் வரை, அன்றன்றைக்குச் செய்த வேலையை. 40 பக்க நோட்டு போதும். எக்செல், கூகுள் ஃபார்ம் பக்கமே போகாதீர்கள். பாதிப் பேர் சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து ஒரு வாரத்தையும் கற்பனையில் நிரப்பிவிடுவார்கள். எழுதத் தயங்குகிறவர்கள் வாட்ஸாப்பில் வாய்ஸ் போடட்டும். வேலை மும்முரமான வாரமாகப் பாருங்கள். எங்களுக்கு அது காபிப் பழம் வரும் டிசம்பர்.

3. குறி போடுங்கள்

ஒவ்வொரு வேலைக்கும் நான்கில் ஒரு குறி: அந்த ஒரு வரி நோக்கத்தையே செய்வது 'நேர்', அதற்கு உதவுவது 'துணை', செய்தே ஆக வேண்டிய கட்டாயம் 'சட்டம்', சும்மா செய்துகொண்டே வருவது 'பழக்கம்'. 'சட்டம்' பக்கம் கை வைக்க வேண்டாம். கம்பெனிப் பதிவாளருக்கு வருடா வருடம் கொடுக்கும் ஏஓசி-4 (நிதிக் கணக்கு), எம்ஜிடி-7 (ஆண்டு அறிக்கை) தாக்கல் தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளுக்கு 100 ரூபாய் போகும். 'நேர்' எது என்பதிலும் பெரிய குழப்பம் வராது.

மாட்டிக்கொள்ளும் இடம் 'துணை'. நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எல்லா வேலையும் துணைதான். கண்காட்சியில் ஸ்டால் போட்டது? "விளம்பரம் ஆகுதில்லைங்க." பயிற்சிக்கு வந்தவர்களை நிற்க வைத்து போட்டோ எடுத்து நாலு குரூப்பில் போட்டது? "நாளைக்கு நிதி கேக்கணும்னா அதெல்லாம் வேணும்ங்க அண்ணா." இதில் வாதாடி யாரும் ஜெயிக்க முடியாது, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட நம் ஆட்களுக்குச் சொல்லித்தரவா வேண்டும்.

அதனால் வாதத்தை விட்டுவிட்டு இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இந்த வேலை ஒரு மாதம் நின்றுபோனால் எந்த உறுப்பினர் ஆபீசுக்கு வந்து சத்தம் போடுவார்? பெயர் சொல்ல வேண்டும். 'விவசாயிகள் எல்லாரும்' என்பது பெயர் ஆகாது. பெயர் வரவில்லையென்றால் அது பழக்கம்.

அதே கேள்வியைத் திருப்பியும் கேளுங்கள், இதை யாரும் செய்வதில்லை. ஏற்கனவே சத்தம் போட்டுக்கொண்டிருக்கிற உறுப்பினர் யார், அவர் கேட்கும் வேலை யாருடைய நோட்டிலாவது இருக்கிறதா? எங்கள் ஊரில் அது ஈரப்பத மீட்டர். மிளகில் ஈரம் 12 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டையில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் ஈரத்துக்கு விலையைக் குறைப்பது நியாயம்தான், ஆனால் வியாபாரி ஒரு கை அள்ளி, ஒன்றைக் கடித்துப் பார்த்து, வாய்க்கு வந்ததைக் கழிப்பார். அதற்காகவே வாங்கிய மீட்டர் எங்கள் பீரோவுக்குள் இருந்தது. சாவி வைத்திருந்தவர் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலத்தில் ஏதாவது கூட்டத்தில் இருப்பார். பிக்கப் வண்டிக்கு வாடகை கொடுத்து மூட்டை ஏற்றி வந்தவர் எவ்வளவு நேரம் நிற்பார், நேராக வியாபாரியிடமே போய்விடுவார். கூட்டத்துக்குப் போனது நோட்டில் நேரத்தோடு இருந்தது, மீட்டரைப் பற்றி ஒரு வரி இல்லை. இப்போது மீட்டர் தராசு மேசையிலேயே இருக்கிறது, எடை போடும் அக்காவே ஈரமும் பார்க்கிறார், சீட்டில் எடை, ஈரம், விலை மூன்றும் எழுதிக் கொடுக்கிறார்.

எந்த வேலை யார் கையில் இருக்க வேண்டும் என்பதற்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். தேவையில்லாத பார்வையிழப்பை ஒழிப்பது என்ற நோக்கத்தோடு டாக்டர் வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தது. பார்வை சோதிப்பது, நோயாளியைத் தயார் செய்வது எல்லாம் கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி எடுத்த பெண்கள் பார்த்துக்கொள்ள, டாக்டர் ஒரு மேசையில் ஆபரேஷன் முடிக்கும்போது பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் விலை கட்டுப்படியாகாததால் 1992-ல் ஆரோலேப் தொடங்கி அதையும் சொந்தமாகச் செய்தார்கள். பெரிய ஆட்கள்தான், ஆனால் யோசனை நம் தராசு மேசைக்கும் பொருந்தும்.

4. ஒன்றை நிறுத்துங்கள்

ஒன்றே ஒன்று. அந்த நேரத்தை எந்த 'நேர்' வேலைக்கு, யார் கொடுக்கப் போகிறார் என்று அன்றைக்கே தீர்மான நோட்டில் எழுதிவிடுங்கள், இல்லையென்றால் இன்னொரு கூட்டம் வந்து தின்றுவிடும்.

5. ஒரு எண்ணை எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள்

வியாபாரி விலைக்கும் நம் விலைக்கும் கிலோவுக்கு எவ்வளவு வித்தியாசம் என்பதைத் தராசுக்கு மேல் கரும்பலகையில் தினமும் எழுதுகிறோம். நாம் குறைவாகக் கொடுத்த நாளிலும் எழுத வேண்டும். ஃபிளெக்ஸ் அடிக்காதீர்கள், சாக்பீஸ்தான் சரி. இயக்குநர் கூட்டத்திலும் வரவு செலவுக்கு முன்னால் இதைத்தான் பேசுகிறோம்.

பின்சேர்க்கை

நோட்டு எழுதச் சொன்னால் ஆளைக் குறைக்கப் போகிறார்கள் என்று ஊழியர்கள் பயப்படுவதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். மேனேஜரின் நோட்டை முதலில் எல்லோர் முன்னாலும் படித்துக் குறி போடுங்கள், பாதிப் பயம் போய்விடும். நிதி கொடுத்தவருக்கு அனுப்பும் அறிக்கை ஒப்பந்தத்தில் இருந்தால் 'சட்டம்', இல்லையென்றால் அதற்கும் பெயர் கேளுங்கள்.

வாழப்பாடிப் பக்கம் மகளிர் குழுக்களோடு வேலை செய்கிற ஒருவர், தங்களுக்கு எது 'நேர்' என்று கேட்டிருந்தார். உங்களுக்குப் பட்டியல் தயாராகவே இருக்கிறது: கூட்டம், சேமிப்பு, உள்கடன் (குழுப் பணத்தை உறுப்பினர்களுக்கே கடனாகக் கொடுப்பது), திருப்பிக் கட்டுதல், கணக்கு எழுதுதல் என்ற பஞ்ச சூத்திரம். அந்த ஐந்துக்குக் கூட்டமைப்பு ஊழியரின் வாரத்தில் எத்தனை மணி நேரம் போகிறது என்று மட்டும் எண்ணிப் பாருங்கள்.

உரக்கடை நேரா துணையா என்று கேட்டவருக்கு: எங்கள் கடையை மூடினால் மழைக்கு முன்னால் வந்து சண்டை போடக்கூடியவர்களின் பெயர்களை எங்கள் கடைப் பையன் மூச்சுவிடாமல் சொன்னான், அதனால் கடை இருக்கிறது. அதே கடையில் சோப்பும் பிஸ்கட்டும் அடுக்கியிருந்த ரேக்குக்கு ஒரு பெயரும் வரவில்லை, எடுத்துவிட்டோம்.